கைவினையின் கையொப்பம்

கலைகளை நுண்கலை என்றும் பயன்கலை என்றும் இரு கூறாக்கி, முன்னையதை உயர்த்தியும் பின்னையதைத் தாழ்த்தியும் பேசும் வழக்கம் கற்றோரிடையே வேரூன்றிவிட்டது. சுவரில் மாட்டியது கலை. தரையில் விரித்தது கைப்பணி. சட்டத்துட் புகுந்த துணி ஓவியம். உடலிற் சுற்றிய துணி வெறுந்துணி. இப்பாகுபாடு கீழைத்தேயத்தார்க்குத் தொன்றுதொட்டு உரியதன்று. கருவறையில் எழுந்தருளும் திருமேனியை வார்த்த கையும், அதன் முன்னர்த் தொங்கும் தூண்டாமணி விளக்கை வார்த்த கையும் ஒரே உலைக்களத்தின் மரபில் வந்தவையே. ஆயினும் இன்று பாடசாலைகளிலுங்கூடக் கணிதத்திற் பின்தங்கிய மாணாக்கனே கைப்பணி வகுப்புக்கு ஏற்றவன் எனத் தள்ளப்படுகின்றான். இங்ஙனம் தள்ளப்பட்ட துறையிலே அண்மைக்காலத்தில் ஈழநாட்டார் சிலர் ஆற்றிய பணி எத்தகையது, அதன் பெருமை யாரைச் சார்வது என்பன ஆராயற்பாலன.

இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாயாக நிற்பவர் ஆனந்தக் குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய் 1877இற் கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, கனிப்பொருளளவைத் துறையின் தலைவராக இலங்கைக்கு மீண்ட அவர், கல்லைத் தேடி ஊரூராய்ச் சென்றவிடத்துக் கைவினைஞரைக் கண்டார். கண்டிநாட்டுத் தச்சர், கொல்லர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் தொழிலை ஆராய்ந்து அவர் எழுதிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 1908இல் வெளிவந்தது. இங்கிலாந்தில், வில்லியம் மொறிஸ் கெல்ம்ஸ்கொற் அச்சகத்திற் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சிடப்பெற்றது. படிகள் 425. இயந்திரத்தால் மலிந்த பொருளை வெறுத்த ஒருவரின் பொறியிலே, இயந்திரத்தால் நலிந்த கைவினையைப் பற்றிய நூல் அச்சேறியமை பொருத்தமானதே.

அந்நூலுக்கு ஒளிப்படங்கள் எடுத்துதவியவர் அவர்தம் முதன்மனைவியார் எதெல் என்பவர். நூலின் புகழிற் குமாரசுவாமிக்குக் கிடைத்த பங்கு இவருக்குக் கிடைத்திலது. ஆயினும் இலங்கையிற் கண்ட நெசவும் பின்னற்றையலும் இவர் வாழ்வையே மாற்றின. பின்னர் எதெல் மெயிறே என்னும் பெயருடன் சசெக்ஸ் மாகாணத்து டிச்லிங் என்னும் ஊரில் தறி அமைத்து, தாவரச் சாயங்களைப் பற்றி 1916இல் ஒரு நூலும் எழுதி, ஆங்கிலநாட்டுக் கைத்தறியின் மறுமலர்ச்சிக்கு மூலவருள் ஒருவரானார். 1952இல் மறையும்வரை அவர் தறியை விட்டாரல்லர். மேனாட்டார் கீழைநாட்டுக்குக் கலை கற்பித்தனர் என்று கூறுவோர், மேனாட்டுத் தறியொன்று கண்டிநாட்டினின்று கற்றுக்கொண்ட இச்செய்தியையும் உளங்கொள்ளுதல் நன்று.

இனி இக்காலத்தார்க்கு வருவோமாயின், முதலில் வைத்தெண்ணத்தக்கவர் எனா டி சில்வா அம்மையார் (1922–2015). 1960களின் தொடக்கத்தில் அவர் கொழும்பில் மகனாருடனும் லக்கி சேனநாயக்க முதலிய ஓவியருடனும் கூடிப் பத்திக் தொழிலைத் தொடங்கினார். பத்திக் சாவகத்தாரின் கலை. மெழுகை உருக்கித் துணியிற் கோடிட்டுச் சாயத்துள் அமிழ்த்தினால், மெழுகு பட்டவிடம் சாயத்தை ஏலாது, ஏனையவிடம் ஏற்கும். மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம். வெளிறிய நிறத்திற் தொடங்கிக் கரிய நிறத்தில் முடிதல் முறை. ஈற்றிற் கொதிநீரில் இட்டு மெழுகைக் கழற்றுங்காலே முழு உருவமும் தோன்றும். எனவே பத்திக் வரைவோன் தான் வரைவதைக் கண்டு வரைவோனல்லன். விட்டுவைக்க வேண்டியதை வரைபவன். ஓவியன் நிறத்தை இடுகின்றான். இவனோ நிறம் புகாதவாறு காக்கின்றான். பிழைத்த கோட்டை அழித்தெழுதவும் இயலாது. இத்துணை ஒழுங்கை வேண்டும் தொழிலை ‘அலங்காரம்’ என்று ஒரு சொல்லால் ஒதுக்குவோர் அதனைச் செய்து பார்த்தாரல்லர்.

எனா அம்மையாரின் சிறப்பு, துணியை ஓவியத்திரையாக்க முயலாமையே. கொடி, விதானம், திரைச்சீலை எனத் துணி துணியாகவே நிற்கும் இடங்களை அவர் தேர்ந்தார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்பு மண்டபத்துக்கு 1969 அளவில் அவர் இயற்றிய பத்திக் விதானம் இதற்குச் சான்று. விதானத்தைக் காண்பவன் நின்று காண்பானல்லன். நடந்துகொண்டே அண்ணாந்து காண்பவன். அவனுக்கு மேல் கீழ், இடம் வலம் என்னும் நியதி இல்லை. ஆகவே கதை சொல்லும் படம் அங்கே பயன்படாது. எத்திசை நோக்கினும் இயைந்து நிற்கும் கோலமே பயன்படும். தம்புள்ளைக் குகை விகாரையின் பாறை முகட்டை விரித்த துணிபோலத் தீட்டிய பழைய ஓவியர் அறிந்த உண்மையும் இதுவே. யாழ்ப்பாணத்தார்க்கும் இது புதிதன்று. மங்கல அமங்கல வீடுகளில் வெள்ளை கட்டுவோரும், கோயில் மண்டபத்தில் மேற்கட்டி கட்டுவோரும், கூரையின் கீழே இன்னொரு வானத்தைத் துணியால் அமைப்பவரேயாவர். 1982இற் கோட்டையில் எழுந்த பாராளுமன்றக் கட்டடத்துக்கும் அம்மையார் கொடிகள் இயற்றினார், அவையும் இவ்வழியினவே.

இவர் வழியிற் பின்வந்த பத்திக் வணிகம் வேறுபட்டது. உல்லாசப் பயணிகளை நோக்கித் தெருவோரம் எங்கும் தொங்கவிடப்படும் துணிகளிற் பெரும்பாலன யானையும் பெரகராவும் தென்னஞ்சோலையுமாய், அச்சிட்ட படங்களை மெழுகாற் பிரதிசெய்பவை. மெழுகு உடைந்தவிடத்துச் சாயம் ஊறித் தோன்றும் நரம்புக் கோடுகளே பத்திக்கின் இலக்கணம் என்று எண்ணி, வேண்டுமென்றே கசக்கி உடைத்தலும் உண்டு. தற்செயலாய் வந்து துணையாகும் ஒன்றைத் தலைமையாக்குதல், நெருப்பிற் கருகிய சோற்றைச் சுவையென்று பரிமாறுதல் போலும். விற்பனை இருந்தது, ஆயின் விற்றது நினைவுப்பொருள், பத்திக் அன்று.

பாபரா சன்சோனி அம்மையார் (1928–2022) சென்ற நெறி நெசவு. வறிய பெண்களுக்கு நெசவாற் பிழைப்பளிக்க முயன்ற நல்லாயன் சபைக் கன்னியர் 1950களின் பிற்பகுதியில் இவரை உதவிக்கு அழைத்தனர். அம்முயற்சியே 1964இல் ‘பெயர்புட்’ என்னும் நிறுவனமாயிற்று. இவர் கொடுத்தது பெரும்பாலும் கோடுகளே. நேர்கோடுகள், வண்ணக் கட்டங்கள். இதில் என்ன கலை உளது என்பார்க்கு விடை தறியிலேயே உளது. சிவந்த பாவில் மஞ்சள் ஊடை புகுங்கால் கண்ணுக்குத் தோன்றுவது சிவப்புமன்று, மஞ்சளுமன்று, மூன்றாவதொரு நிறம். பாவிற் பத்து நிறமும் ஊடையிற் பத்து நிறமும் கொள்ளின் நூறு சந்திப்புக்கள். அவற்றை முன்னரே மனத்துட் கண்டு நிரல்செய்பவர்க்கே அது கைவரும். இளஞ்சிவப்பையும் செம்மஞ்சளையும் அடுத்தடுத்து வைத்தல் ஆகாது என்னும் மேனாட்டுக் கட்டுப்பாட்டை இவர் பொருட்படுத்தினாரல்லர். அவ்விரண்டையும் ஒருங்கே சூடிய பூந்தட்டைக் கோயில் வாயிலில் நாடோறும் காணும் நாட்டிற்கு அது ஒரு துணிவேயன்று.

இத்துணையும் பாராட்டத்தக்கன. ஆயின் குறையொன்று சொல்லாது விடப்படுமேல் திறனாய்வு முகமனாய் முடியும். எனா என்பதும் சன்சோனி என்பதும் உலகறிந்த பெயர்கள். மெழுகிட்ட பெண்ணின் பெயரும் பாவோட்டிய பெண்ணின் பெயரும் துணியில் இல்லை. தான் நெய்த துணியைத் தானே விலைகொடுத்து உடுத்தல் நெசவுப்பெண்ணுக்கு எளிதன்று. கைத்தறித் துணி வாங்குவோரின் நல்லெண்ணத்தால் மட்டும் இக்குறை தீராது. பெயரின்மையைக் குமாரசுவாமி ஒரு சிறப்பாகவே கண்டார். ‘யான்’ என்னும் செருக்கு அற்ற தொழிலாளனே மெய்க்கலைஞன் என்பது அவர் கொள்கை. உயர்ந்த கொள்கைதான், எனினும் அவர் போற்றிய கண்டிக் கைவினைஞன் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தாற் பிணிக்கப்பட்டவன். நிலம் பெற்றான், அதனோடு விலகவியலாக் கடமையும் சாதியும் பெற்றான். 1832இல் அவ்வூழியம் நீக்கப்பட்டபோது தளை அறுந்தது. தளையோடு பிழைப்பும் அறுந்தது. தானே துறந்த பெயர் துறவாகும். பிறர் எழுதாது விட்ட பெயரைத் துறவென்றல் எங்ஙனம்? இவ்வேறுபாட்டைக் குமாரசுவாமி தெளிவாகப் பிரித்தாரல்லர். அவர்தம் நூலுக்குப் படமெடுத்த கையே இதற்கு எடுத்துக்காட்டாகும்.

வடபுலத்தை நோக்கின் இவ்வினா இன்னும் கூர்மையாகும். குருத்தோலையைச் சார்வாக வார்ந்து, சாயமிட்டு, பெட்டியும் தடுக்கும் நீற்றுப்பெட்டியும் இழைக்கும் மூதாட்டி பாவுக்கும் ஊடைக்கும் உள்ள கணக்கைச் சன்சோனிக்கு முன்னரே அறிந்தவள். கடகத்தின் சதுர அடி வட்ட வாயாய் மாறும் இடத்தில் ஓலையின் எண்ணிக்கை பிழைத்தால் கடகம் கோணும்; அவள் எண்ணுவதை எவரும் கண்டிலர். அவளிடம் சென்று வண்ணம் பற்றி உசாவிய ஓவியர் அரியர். சந்தையில் அவள் கடகம் நெகிழிக் கூடையோடு விலைப்போட்டியிடுகின்றது. ஓவியக் கல்வி பெற்ற இளைஞர் அவளை நாடாமையும், அவள் மக்கள் அவள் தொழிலை நாடாமையும் ஒரே மதிப்பீட்டினின்று பிறந்தவை.

எனா அம்மையார் தம் பிற்காலத்தில் கொழும்பை விட்டு மாத்தளையை அடுத்த அலுவிகாரை என்னும் தம் மூதூருக்குத் திரும்பி, ஊர்ப்பெண்களைக் கொண்டே பத்திக்கும் தையலும் மரவேலையும் நடாத்தினார். அவர் மறைந்து சில ஆண்டுகளின்பின் பெந்தோட்டை விடுதி புதுக்கப்பட்டபோது, அப்புகழ்பெற்ற விதானமும் மீளச் செய்யப்பட வேண்டியதாயிற்று. அதனைச் செய்தளித்தோர் அலுவிகாரைக் கைவினைஞரே. வரைந்தவர் இல்லாதபோதும் கோடு பிறழவில்லை. விதானத்தைப் பற்றி எழுதுவோர் இன்றும் அதனை எனா டி சில்வாவின் விதானம் என்றே குறிப்பிடுகின்றனர்.