தயார்நிலை மெய்நிகர் இயந்திரமும் புதிய மாணவரும்: ஃபிராப்பே சட்டகத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஃபிராப்பே என்பது இணையச் செயலிகளை உருவாக்க உதவும் திறந்த மூலச் சட்டகம். மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய நிறுவனம் இதை உருவாக்கியது. ஈஆர்பிநெக்ஸ்ட் என்னும் வணிக மேலாண்மை மென்பொருள் இதன்மேல் கட்டப்பட்டது. திருப்பூருக்கு இது பொருத்தமானது. ஒரே பனியன் 6 நிறங்களிலும் 5 அளவுகளிலும் வந்தால் 30 வகைகள். அவற்றை ஒரே மாதிரிப் பொருளின் கீழ் இதில் பதியலாம். நிட்டிங், சாயம், பிரிண்டிங் என வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்குக்கும் கணக்கு வைக்கலாம்.

ஆனால் பைத்தான், மரியாடிபி, ரெடிஸ், நோட் ஆகியவற்றைப் பொருந்தும் பதிப்புகளில் நிறுவிய பிறகே சட்டகம் இயங்கும். எனவே, எல்லாம் நிறுவப்பட்ட வர்ச்சுவல்பாக்ஸ் படிமம் ஒன்று முன்பு வழங்கப்பட்டது. அதை இறக்கி, இயக்கி, உலாவியைத் திறந்தால் போதும்.

நிறைகள்

நிறுவலில் தோற்ற மாணவர், நிரலாக்கமே தமக்கு வராது என்று எண்ணி விலகிவிடுவதுண்டு. படிமம் அந்த முதல் தடையை நீக்குகிறது. வகுப்பில் எல்லோர் திரையும் ஒன்றுபோல் இருப்பதால் ஆசிரியருக்கும் எளிது. தவறு நேர்ந்தாலும் மாணவரின் சொந்தக் கணினி கெடாது.

குறைகள்

முதலாவது, வன்பொருள். 4 ஜிபி நினைவகமுள்ள கணினியில் 2 ஜிபியைப் படிமத்துக்குக் கொடுத்தால் இரண்டுமே திணறும். பயாஸில் மெய்நிகராக்கம் அணைக்கப்பட்டிருந்தால் படிமம் இயங்காமலே போகலாம். எளிமையை நாடி வந்தவருக்கு இது புதிய புதிர்.

இரண்டாவது, பாதுகாப்பு. இத்தகைய படிமங்களின் தொடக்கக் கடவுச்சொல் ஆவணத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பயிற்சிக்கு அது சரி. அதையே மாற்றாமல் ஒரு நிறுவனத்தின் சேவையகமாக வைத்தால், தொழிலாளர் கூலியும் பையருக்குச் சொன்ன விலையும் யார் கண்ணிலும் படலாம்.

மூன்றாவதே பெரியது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் படிமம் மறைக்கிறது. தரவுத்தளம் நின்றுபோனால் எங்கே பார்ப்பது என்று மாணவருக்குத் தெரியாது. இன்று படிமத்தின் இடத்துக்கு வந்துள்ள டாக்கர் கொள்கலன்களுக்கும் இக்குறை உண்டு.

மதிப்பீடு

படிமத்தை விலக்க வேண்டியதில்லை, வரிசைப்படுத்தினால் போதும். முதல் வாரம் படிமத்தில் ஒரு டெலிவரி சலான் படிவத்தை உருவாக்கலாம். பின்பு வர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் வசதியால் நிலையைச் சேமித்துவிட்டு, மரியாடிபியை வேண்டுமென்றே நிறுத்தி, வரும் பிழைச்செய்தியைப் படிக்கலாம். இறுதியில் வெறும் லினக்ஸில் எல்லாவற்றையும் கையால் நிறுவ வேண்டும்.

தைத்த பனியனை அணிந்தவரெல்லாம் ஓவர்லாக் ஓட்டத் தெரிந்தவர் அல்லர். வேலைக்கு எடுப்பவர் கேட்பது ஓட்டத் தெரிந்தவரைத்தான். படிமத்தோடு நின்றுவிடும் பாடத்திட்டம் மாணவரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது.