மருத்துவமனையின் திண்ணை

முஸ்லிம் உலகின் நவீன மருத்துவமனைக் கட்டடக்கலை பற்றிப் பேச்சு எழும்போது முதலில் நினைவுக்கு வருவது கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவமனை. 1985இல் திறக்கப்பெற்ற அதனை வடிவமைத்தவர்கள் அமெரிக்கரான டாம் பேயட்டும் ஈரானில் பிறந்த மோஜான் காதிமும். முஸ்லிம் நாடுகளின் பழங்கட்டடங்களை நேரில் கண்டு ஆராய்ந்த பின்னரே அவர்கள் வரைபடம் தீட்டினர். முற்றங்கள், நீர்நிலைகள், நிழல் படர்ந்த இடைவழிகள், வெயிலின் கூச்சத்தைத் தணிக்கும் சொரசொரப்பான பூச்சு என அனைத்தும் அந்த வறண்ட நகருக்குப் பொருந்தி நிற்கின்றன. அழகிய கட்டடம், ஐயமில்லை. ஆயினும் அதிலிருந்து நாம் எதைக் கற்றோம்? வாயிலில் ஒரு வளைவு, உச்சியில் ஒரு குவிமாடம் வைத்துவிட்டால் மரபு வந்துவிட்டது என்று கருதும் போக்கே நம்மிடையே மிகுதி.

இக்கேள்வியை நீலகிரியின் ஓவேலியில் நின்று கேட்டால் விடை வேறாகிறது. ஆக்டர்லோனி என்னும் தோட்ட முதலாளியின் பெயர் மருவி ஓவேலி ஆயிற்று. பணியரும் குறும்பரும், மலையாள மாப்பிள்ளைமாரும், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழரும் வாழும் பள்ளத்தாக்கு அது. தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் இடத்தில் கராச்சியின் திறந்த முற்றத்தைப் படியெடுத்தால் அது குளமாகும். சரிந்த கூரையும், நீண்ட இறவாரமும், அதன் கீழ் அகன்ற திண்ணையுமே இம்மண்ணின் வடிவம்.

அருகிலுள்ள கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை 1990இல் தொடங்கப்பெற்றது. மருத்துவத் தம்பதியரான தேவதாசனும் ரூபாவும் நிறுவிய ‘அஸ்வினி’ அமைப்பின் பணி அது. கட்டடக்கலைக்காகப் பேர்பெற்ற இடமன்று. ஆயினும் மரபில் வேரூன்றிய மருத்துவமனை என்ற பெயர் அதற்கே பொருந்தும் என்பது என் கருத்து. ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தார்கள். நோயாளி தன் மொழியிலேயே வலியைச் சொல்ல முடிந்தது. 1992இல் இம்மக்களுக்கென ஒரு மருத்துவக் காப்பீடும் தொடங்கியது. அரிவாளணுச் சோகையுடன் பிறந்த ஒருவர் வாழ்நாள் முழுதும் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். அத்தகையோருக்கு அந்த இடம் அந்நியமாக இருத்தல் ஆகாது.

ஆயின் கட்டடம் செய்ய வேண்டிய பணி எது? உடன் வந்தோரை ஏற்பது. ஆதிவாசி நோயாளி தனியாக வருவதில்லை. உறவு திரண்டு வரும். பொழுது சாய்ந்தபின் ஓவேலிக்குத் திரும்ப இயலாது. யானை நடமாடும் பாதை, உயிரிழப்புகள் நிகழ்ந்த பாதை. எனவே அவர்கள் படுக்க, சமைக்க, மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்தது எனக் காவலர் வெளியேற்றும் ஒழுங்கு இங்குக் கொடுமையாகிவிடும். வரைபடத்தில் ‘வீணான இடம்’ என்று பொறியாளர் அடித்துவிடும் திண்ணைதான் இங்கு வார்டுக்கு இணையானது.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய பீமாரிஸ்தானை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அதன் வக்ஃப் ஆவணம் செல்வர் - வறியர், ஆண் - பெண், உள்ளூரார் - வெளியூரார் எவரையும் விலக்கவில்லை. முற்றமும் நீரூற்றும் அந்த வரவேற்பின் வெளித்தோற்றமே. நாம் தோற்றத்தை எடுத்துக்கொண்டு ஆவணத்தை மறந்தோம்.

கைத்திறன் குறித்தும் ஒரு சொல். மௌரித்தானியாவின் கைடி நகரில் பாப்ரிசியோ கரோலா வடிவமைத்த மருத்துவமனை 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. உள்ளூர்க் களிமண்ணைச் செங்கல்லாக்கி, நெல் உமியால் சுட்டு, மரச் சட்டமின்றிக் குவிமாடம் எழுப்ப உள்ளூர்க் கொத்தனார்களே பயின்றனர். அலங்காரத்துக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: ஒன்று சுவரில் தொங்குகிறது, மற்றொன்று சுவரையே எழுப்புகிறது. கூடலூர்ப் பகுதியில் மூங்கில் பிளந்து தட்டி முடையவும், மண் அப்பிச் சுவர் எழுப்பவும் அறிந்த கைகள் உண்டு. அறுவை அரங்கில் மூங்கிலுக்கு வேலையில்லை. அங்குக் கழுவித் துடைக்கத்தக்க தரையும் சுவரும்தான் வேண்டும். திண்ணைக்கும் சமையற்கூடத்துக்கும் உறவினர் தங்கும் கொட்டகைக்கும் அக்கைகளை அழைக்கலாமே! கூலியும் அவர்களுக்கே சேரும். பழுது பார்க்கவும் அவர்களே வருவர்.

இதற்குத் தடை கலையில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் ஓவேலியில் ஏராளம். குடியிருக்கும் வீட்டுக்கே பட்டா இல்லாதவரிடம் மருத்துவமனைக்கு இடம் கேட்பது எங்ஙனம்? அது தீரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடலூரிலேயே நோயாளிகளின் உறவினர்க்கு ஓர் இரவுத் தங்குமிடம், தரையில் பாய் விரிக்கும் அகலத்தோடும் அடுப்பு மூட்டும் மூலையோடும் கட்டலாம். வசதியுள்ள நம்மவர் சிலர் கூடி வக்ஃபாக எழுதி வைத்தாலும் தகும்.