1.12-உம் 1.74-உம்

1968இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் பாப் கிப்சன், ஃபீல்டர்களின் பிழையால் வந்ததைக் கழித்துவிட்டால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.12 ரன்தான் கொடுத்தார். 2000இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் பெட்ரோ மார்ட்டினெஸ் கொடுத்தது 1.74. எண்ணை மட்டும் பார்த்தால் கிப்சன்தான். நான் பெட்ரோ பக்கம்.

1968 பேட்டர்களுக்குச் சோதனையான வருஷம். அமெரிக்கன் லீக்கில் .300 பேட்டிங் சராசரியைத் தாண்டியவர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவரே, அவரும் .301. பிட்சர் நிற்கும் மேடு 15 அங்குலம். ஸ்ட்ரைக் எல்லையோ முழங்காலிலிருந்து தோள்வரை. அமெரிக்கன் லீக்கில் லூயிஸ் தியாந்த் 1.60 எடுத்தார். கிப்சன் ஆடிய நேஷனல் லீக்கின் சராசரியே 2.99தான். அந்த செப்டம்பரில் கிப்சன் ஓர் ஆட்டத்தை 0-1 என்று தோற்றார். எதிரணியின் கேலார்ட் பெர்ரி அன்று ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷமே மேட்டை 10 அங்குலமாகக் குறைத்தார்கள். கிப்சனுக்குப் பயந்து வெட்டினார்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. உண்மையில் அந்த வருஷத்துப் பிட்சர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துத்தான் வெட்டினார்கள்.

2000 நேர்மாறு. பெரிய லீக்குகளில் மொத்தம் 5,693 ஹோம் ரன்கள். ஊக்கமருந்துச் சோதனை இன்னும் வந்திராத காலம். பேட்டர்களின் புஜங்களைப் பார்த்தாலே புரியும். அமெரிக்கன் லீக்கின் சராசரி ஏறக்குறைய 4.9. அங்கேதான் ஆறடிகூட இல்லாத, ஒல்லியான இந்த டொமினிகன்காரர் 217 இன்னிங்ஸில் 128 ஹிட்டும் 32 வாக்கும் மட்டும் கொடுத்தார். லீக்கில் அவருக்கு அடுத்த இடம் ரோஜர் கிளெமன்ஸுக்கு: 3.70. பெட்ரோ தோற்ற ஆறு ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துக் கூட்டினாலும் 2.44தான் வருகிறது.

தத்தம் லீக் சராசரியால் வகுத்துப் பார்த்தால் கிப்சன் கொடுத்தது நூற்றுக்கு 37, பெட்ரோ கொடுத்தது 35. இவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கும் என்று பலர் எதிர்பார்ப்பதில்லை. கிப்சன் எதிரணிப் பிட்சர்களுக்கும் பந்து போட்டார், அவர்கள் பேட் பிடிக்கத் தெரியாதவர்கள். பெட்ரோவின் லீக்கில் பிட்சருக்குப் பதில் வேறொருவர் பேட் பிடிப்பதால், அவருக்கு எதிரே ஒன்பது பேரும் அசல் பேட்டர்கள் என்று சிலர் வாதாடுவார்கள். அந்த வித்தியாசம் லீக் சராசரிக்குள்ளேயே இருக்கிறது. அதை இரண்டாம் முறை கூட்டுவது நியாயமில்லை. ஃபென்வே மைதானத்தை வேண்டுமானால் சேர்க்கலாம். இடப்பக்கச் சுவர் 37 அடி உயரம், ஆனால் பேட்டருக்கு மிக அருகில். சாதாரணமாகத் தூக்கி அடித்த பந்துகூட அதில் பட்டு இரண்டு பேஸ் வாங்கித் தரும். அங்கே நின்றுகொண்டு 1.74!

அழகு என்று வந்தாலும் எனக்கு பெட்ரோவின் சேஞ்ச்அப்தான். வேகப்பந்துக்குச் சுழல்கிற அதே கை, அதே விசை. பந்து மட்டும் தாமதமாக வரும். பேட்டர் அதற்குள் வீசி முடித்திருப்பார். கிப்சனிடம் இந்த ஏமாற்று கிடையாது. வேகப்பந்து, ஸ்லைடர், அவற்றின் பின்னால் முழு உடம்பு. பந்தை விட்டதும் முதல் பேஸ் பக்கம் சரிந்துகொண்டே போவார்.

ஆனால் விகிதக் கணக்குக்குள் வராத ஒன்று உண்டு. கிப்சன் தொடங்கிய ஆட்டங்கள் 34. அவற்றில் 28ஐக் கடைசிவரை அவரே போட்டு முடித்தார். மொத்தம் 304 இன்னிங்ஸுக்கு மேல். பெட்ரோ 29 தொடங்கி, முடித்தது ஏழு. பெட்ரோவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் காலத்தில் ஏழு என்பதே அதிகம். ஆனாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பலத்தை மிச்சம் வைத்துக்கொண்டு எட்டு இன்னிங்ஸ் ஆளுவது தனி வித்தை.

1968 அக்டோபர் 2, உலகத் தொடரின் முதல் ஆட்டம், எதிரே டெட்ராய்ட் டைகர்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் அல் கேலைன், நார்ம் கேஷ், வில்லி ஹார்டன் என்று மூன்று பெரிய பேட்டர்களும் ஸ்ட்ரைக் அவுட். அன்றைய கணக்கு மொத்தம் 17. உலகத் தொடரில் அதை இன்னும் யாரும் தொடவில்லை. ஒரு முழு சீசனுக்கு ஆள் கேட்டால் பெட்ரோவைச் சொல்வேன். ஒரே ஒரு ஆட்டத்துக்கு, அதுவும் நடுவில் வேறு ஆளை இறக்காமல் முடிக்க வேண்டுமென்றால், கிப்சன்.