பெட்ரோல் கூடியதா, காற்று குறைந்ததா?

திராட்சைப் பந்தலுக்குப் பேர்போன ஓடைப்பட்டியில் காரை எடுத்து, சின்னமனூர் வந்து மேகமலைக்கு ஏறினால், 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தைக் கடந்துவிடலாம். அதற்குள் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு இது தெரியாது. கீழே செட் செய்த ஜெட்டின் கணக்கிலேயே பெட்ரோலை விடும்; மேலே போகப்போகப் பெட்ரோல் மிஞ்சிக் கலவை ரிச் ஆகும், பிளக் கறுக்கும், இழுவை போகும். அந்தக் காலத்தில் அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை, மலை அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

டர்போ பெட்ரோல் காருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு தள்ளியது என்பதைச் சென்சார் அளந்து சொல்கிறது. அதற்கேற்ப ஈசியூ என்னும் இன்ஜின் கணினி இன்ஜெக்டரைத் திறந்து மூடுகிறது. அப்படிப்பட்ட வண்டி கறுப்புப் புகை தள்ளி, பெட்ரோலைக் குடித்து, ஐடிலில் தடுமாறினால் எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது. அந்தப் பிசகைத் தேடிப் பிடிப்பதை வேலை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. நல்ல கை செய்யும்போது பார்த்தால் அது கலை.

டர்போ புதிதல்ல. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை எடுத்த யோசனை அது. சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின் நம் சாலைகளில் பரவலாகத் தெரிய ஆரம்பித்தது 2013 வாக்கில்தான். மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட் காரின் ஒரு லிட்டர் இன்ஜின் அதில் ஒன்று. ஆகவே கார்புரேட்டரில் காது பழகிய மெக்கானிக்கும் ஸ்கேனரில் கண் பழகிய பையனும் ஒரே பட்டறையில் நிற்கிறார்கள். இந்தக் கறுப்புப் புகை நோய்க்கு இருவருமே வேண்டும்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய இ20 பெட்ரோலுக்கு அது ஏறத்தாழ 13.5. ஆனால் முழு பூஸ்ட்டில் ஏறும்போது ஈசியூ தானாகவே பெட்ரோலைக் கூட்டும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகி எரியறையையும் டர்போவையும் குளிர வைக்கும். அந்த ரிச் கோளாறல்ல, இன்ஜினைக் காக்கும் ஏற்பாடு. எது ஏற்பாடு, எது கோளாறு என்று பிரிப்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

தேர்ந்தவர் முதலில் பிளக்கைக் கழற்றுவார். காய்ந்த கரி என்றால் பெட்ரோல். எண்ணெய்ப் பசையோடு ஈரக் கறுப்பு என்றால் அது வேறு கதை, ஆயில் மேலே வருகிறது. நான்கு பிளக்கும் ஒன்றுபோல் கறுத்திருந்தால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான காரணம். ஒன்று மட்டும் என்றால் அந்த இன்ஜெக்டர் மூடாமல் சொட்டுகிறதா என்று பார்ப்பார். அடுத்து டிப்ஸ்டிக்கை முகர்வார். ரிச்சாக ஓடும் இன்ஜினில் பெட்ரோல் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் சூடானதும் அந்த ஆவி திரும்ப இன்டேக்குக்குள் போய்க் கலவையை இன்னும் ரிச் ஆக்கும். ஆயில் மாற்றியதும் வண்டி தேறியதுபோல் தெரிவதும், சில வாரத்தில் பழையபடி ஆவதும் இதனால்தான்.

பிறகு அவர் கேட்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: “எப்பண்ணே புகையுது? நிக்கும்போதா, ஏத்தத்துலயா?” பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. நிற்கும்போது ரிச்சாகி, ரேஸ் கொடுத்தால் சரியாகிறது என்றால் சொட்டும் இன்ஜெக்டரோ, டேங்க் ஆவியை இன்டேக்குக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தபடி நின்றுபோனதோ. ஏற்றத்தில் மட்டும் என்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் குழாய்களில் சந்தேகம். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டியில், அளந்து முடித்த காற்று பூஸ்ட் அழுத்தத்தில் ஹோஸ் வெடிப்பு வழியாக வெளியே போய்விடும். ஈசியூவோ அளந்த காற்றுக்குத்தான் பெட்ரோலை விடுகிறது. இங்கே பெட்ரோல் கூடவே இல்லை, காற்றுதான் களவு போயிருக்கிறது. இன்டேக் குழாயை அடைத்து, கம்ப்ரசரில் அளவாகக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் தெளிப்பார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதைப் போலத்தான். குமிழி வந்த இடம் கிளிப் தளர்ந்த இடம்.

காலையில் இன்ஜின் ஆறிக்கிடக்கும்போது ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பது இன்னொரு அழகு. கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் அப்போது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் 25 டிகிரி இருக்கும் காலையில் கூலன்ட் சென்சார் பூஜ்யத்துக்குக் கீழே காட்டினால், பனியில் நிற்பதாக நினைத்து ஈசியூ பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கலையின் உச்சம் சாட்சிகள் முரண்படும் இடத்தில்தான். பிளக் கறுப்பு, ரிச் என்கிறது. ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் கூட்டலில் நிற்கிறது; லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. ஒன்று பொய்யா? இரண்டுமே உண்மை. ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால், ஐடிலில் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து ஏமாறுகிறது. மிஸ்ஸிங் அடிக்கும் சிலிண்டரும் இதே ஏமாற்று வேலையைச் செய்யும்: எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வெளியே வரும். டர்போவின் சூட்டில் அந்தப் பக்கத்து கேஸ்கெட்டுகளும் போல்ட்டுகளும் படும் பாடு அதிகம் என்பதால், அனுபவசாலி அங்கே கரிக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுவார். சென்சாரைக் குற்றம் சொல்லி மாற்றிவிடுபவர் கைத்தொழிலாளி. சென்சார் ஏன் அப்படிச் சொல்கிறது என்று கேட்பவர்தான் கலைஞர். என் தராசு இதுதான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறுப்புப் புகை தள்ளும் காரை நாள் கடத்தி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும், அதன் விலை பெரிது. பட்டறைக்குப் போகும் முன் பிளக்கைத் துடைக்காதீர்கள், ஆயிலை மாற்றாதீர்கள், ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டை அழிக்காதீர்கள். எப்போது புகைந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள்.