பேய்க்குக் காத்திருத்தல்: தொடர்ப் படங்களும் காமன் பொட்டலும்

அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுத்தார். இந்நான்கினையும் ஒருங்கு நோக்கின் ஒன்று புலப்படும். இவை நேரில் வந்து நிற்கும்போது மட்டுமன்றி, வரக்கூடும் என்று எண்ணுமிடத்தும் அச்சம் தருவன. கள்வன் வீட்டினுட் புகுந்தபின் நாம் செய்வது கூச்சல். அவன் வருவானோ என்று விழித்துக் கிடக்கும் இரவே அச்சம். பேய்ப்படம் என்னும் கலைவடிவம் முழுவதும் இவ்விழிப்பிற்குக் கடன்பட்டதாகும். ஆயின் பேய்ப்படத்தின் இரண்டாம் பாகத்திற்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. பேய் யாது, அது எதன்பொருட்டு அலைகிறது என்பன இரசிகனுக்கு முன்னரே தெரியும். தெரிந்த பேய்க்கு எவ்வாறு காத்திருப்பது? காத்திருக்கச் செய்யும் உபாயங்கள் எவை? இவ்வினாக்களை வணிகர்க்குரியவை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. இவை கலை பற்றிய வினாக்களுமாம்.

எதிர்பார்ப்பை விளைவிக்கும் உத்தி திரைப்படம் கண்டுபிடித்ததன்று. கலிங்கத்துப் பரணியைக் கற்றோர் இதனை நன்கறிவர். செயங்கொண்டார் போரைப் பாட வந்தவர். எனினும் போர் நூலின் இறுதிப் பகுதியிலேதான் நிகழ்கிறது. அதற்குமுன் கடை திறக்கப்படுகிறது, காடு பாடப்படுகிறது, காளி கோயில் பாடப்படுகிறது, பேய்கள் பசியால் நலிந்து முறையிடுகின்றன. பேய்களே போருக்குக் காத்திருக்கும்போது படிப்பவன் காத்திராமல் என்செய்வான்? அப்பேய்கள் அஞ்சத்தக்கன மட்டுமல்ல, நகைக்கத்தக்கனவுமாம். இன்றைய தமிழ்ப் பேய்ப்படம் நகைச்சுவையை ஏன் விடாது பற்றியிருக்கிறது என்று வியப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் படையெடுப்புகள் இரண்டனுள் பின்னையதே பரணிக்குப் பொருளாயிற்று என்பது வரலாற்றாசிரியர் கருத்து. அவ்வகையிற் பரணியும் ஓர் இரண்டாம் பாகமே எனின், நம் பேராசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

மேனாட்டார் இவ்விடயத்தில் விளையாட்டுணர்வு மிக்கவர். 1958ஆம் ஆண்டில் வில்லியம் காசில் என்பார் தமது ‘மக்காபர்’ படத்தைக் காண்போர் அச்சத்தால் இறப்பின் ஆயிரம் டொலர் வழங்கப்படும் என்று காப்புறுதிப் பத்திரம் அளித்தார். 1960இல் ஹிட்ச்கொக், ‘சைக்கோ’ தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்று படமாளிகைகளுக்குக் கட்டளையிட்டார். 2017இல் ‘இட்’ வெளிவருமுன் சிட்னி நகரின் வடிகால் மூடிகளில் சிவப்புப் பலூன்கள் கட்டப்பட்டிருந்தன. இவற்றுள் எதுவும் கதையைச் சொல்லவில்லை. காப்புறுதிப் பத்திரமும் அடைத்த கதவும் பலூனும் இரசிகனின் கற்பனைக்கு ஒரு நுனியைக் கொடுத்து ஒதுங்கிக்கொண்டன. ஒரு காலத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையும் இதனையே செய்தது. படத்தின் வசனத்தையும் பாடலையும் துண்டு துண்டாகத் தொகுத்து ஒலிபரப்பிய அந்நிகழ்ச்சிகளிற் காட்சியே இல்லை. ஒரு கதவின் கிறீச்சொலியைக் கேட்ட சிறுவன் தன் வீட்டுக் கதவையே திரும்பிப் பார்த்தான்.

இனி, நம் காலத் தமிழ்த் தொடர்ப் படங்களுக்கு வருவோம். ‘சந்திரமுகி’ 2005ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று வெளிவந்தது. அப்படத்தின் வலிமை, பேய் உண்டோ இல்லையோ என்ற ஐயத்தில் இருந்தது. இறுதியில் அது மனநோயென விளக்கப்பட்டபோதும் அவ்வறையின் இருள் முற்றும் நீங்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளின் பின், 2023 செப்டெம்பர் 28இல், அதே பி. வாசுவின் நெறியாள்கையில் இரண்டாம் பாகம் வந்தது. வெளியீட்டுக்கு முந்திய வாரங்களில் வேட்டையனாக ராகவா லோரன்ஸ் தோன்றும் படமும், சந்திரமுகியாகக் கங்கனா ரணாவத் தோன்றும் படமும் சுவரொட்டிகளாக வெளியிடப்பட்டன. பட்டும் அணியும் ஒளியுமாக முழு உருவமும் முன்கூட்டியே காட்டப்பட்டாயிற்று. முதற்பாகத்தில் மூடிய கதவின் பின்னால் இருந்தவள், இரண்டாம் பாகத்தின் விளம்பரத்தில் வாசலில் வந்து நின்றாள். வாசலில் நிற்பவளுக்கு எவர் அஞ்சுவர்? படத்தின் தோல்வி திரைக்கதையால் விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அச்சத்தின் முதற்பகுதி படமாளிகைக்கு வெளியிலேயே செலவாகிவிட்டது என்பது என் துணிபு.

‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) எனத் தொடங்கி 2019 வரை நீண்ட வரிசையையும், 2014 முதல் 2024 வரை நான்கு பாகம் கண்ட ‘அரண்மனை’யையும் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கு இரசிகன் காத்திருப்பது பேய்க்கன்று, பழகிய விருந்துக்கு.

‘டிமான்டி காலனி’ வேறுபட்டது. 2015இல் வந்த முதற்பாகம், நண்பர் நால்வருள் எவரும் தப்பினாரல்லர் என்ற எண்ணத்தை விட்டுச் சென்றது. மாண்டவன் எங்ஙனம் மீள்வான் என்பதே 2024 ஆகஸ்ட் 15இல் வந்த இரண்டாம் பாகத்திற்கான எதிர்பார்ப்பாயிற்று. அஜய் ஞானமுத்து இதற்குத் தந்த விடை (அருள்நிதி இரட்டையராகத் தோன்றுவதை அறிவீர்கள்) எனக்கு முழு நிறைவளித்ததெனக் கூறேன். ஆனால் வினா நல்ல வினா. ஒன்பதாண்டு அதனை இரசிகரே பேணி வைத்திருந்தனர்.

இவ்வினா மாத்தளைத் தோட்டங்களில் வளர்ந்த எமக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் பொட்டலிற் கம்பம் ஊன்றப்படும். அன்று தொட்டுப் பெளர்ணமி வரை, பகலிற் கொழுந்துக் கூடை சுமந்த ஊர் இரவிற் கூத்துக்குக் கூடும். விடியற்காலையிற் பிரட்டுக்கு அழைக்கும் அதே தப்பு, இரவில் வேறோர் அடி கொண்டு ஒலிக்கும். ரதியும் மதனும் ஆடுவர். நாட்கள் செல்லச் செல்லப் பிற பாத்திரங்கள் வருவர். யமனும் வீரபத்திரனும் வருவார்கள் என்பது கைக்குழந்தை தவிர எல்லார்க்கும் தெரியும். இவ்வாண்டு வேடங்கட்டுபவர் எந்த லயத்தைச் சேர்ந்தவர் என்பதும் தெரியும். தெரிந்தும் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் முகம் புதைப்பர். காமன் எரிவான், மூன்றாம் நாள் உயிர் பெறுவான். அடுத்த மாசியில் மீண்டும் எரிவான்.

தெரிந்த பேய்க்கு எவ்வாறு காத்திருப்பது என்ற வினாவிற்கு விடை இங்கே கிடைக்கிறது. அச்சம் செய்தியின் இன்மையால் மட்டும் விளைவதன்று; காத்திருப்போர் அக்காத்திருப்பிற் செய்யும் வேலையாலும் விளைவது. கம்பம் ஊன்றுவதும் விரதம் காப்பதும் தப்பைத் தீயிற் காய்ச்சுவதும் பந்தம் பிடிப்பதும் பார்வையாளர் தொழில்களே. தஞ்சைப் பகுதியிற் காமன் பண்டிகையை ஒட்டி நிகழும் லாவணியில், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறுகட்சியும் நின்று விடியுமட்டும் வாதிடும். நாயகன் மாண்டானோ இல்லையோ என்று இளைஞர் கைப்பேசியில் இன்று செய்யும் வாதத்திற்கு இதனினும் மூத்த முன்னோடி ஏது? வேறுபாடு ஒன்றுண்டு. லாவணியில் வாதிட்டவர்கள் அதற்கெனப் பயின்றவர்கள், பாட்டிலே வாதிட்டனர்.

மாத்தளை மண்ணிற் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாகக் கால்நடையாக வந்த நம் முன்னோருட் பலர் வழியிலேயே வாந்திபேதியால் மடிந்தனர். அவ்வழி இருளில் நிற்போரைப் பற்றி எம் பாட்டிமார் அறிந்திருந்தனர். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்திற்கும் ரோதமுனி என்றொரு காவல் உண்டு. ‘முனி’ என்ற பெயரைச் சுவரொட்டியிற் கண்ட தோட்டத்துக் கிழவர் ஒருவர், அவர் பெயரை இப்படி விளையாட்டாக எழுதலாமா என்று கேட்டார். அவ்வளவு வலிய முன்னோட்டத்தை எந்நிறுவனமும் தயாரித்ததில்லை.

2024இல் அப்படம் வெளிவருவதற்கு முந்திய இரவு, இறத்தோட்டைப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் லயத்து வீட்டிற் சிலர் கூடினோம். முதற்பாகத்தை மீண்டும் போட்டோம்; ஆனால் திரையைத் துணியால் மூடி, ஒலியை மட்டும் கேட்டோம். இடையிடையே நிறுத்தி, அடுத்து நிகழ்வதை ஒவ்வொருவரும் தத்தம் சொல்லிற் கூறவேண்டும் என்பது விதி. படத்தைக் கண்டிராத நண்பரின் தாயார் கூறியது மூலத்தினும் கொடியதாக இருந்தது. அதில் மாலைக்குப் பதிலாகக் கங்காணியின் கைத்தடி வந்தது. பின்னர், மாண்டவன் மீள்வது எப்படி என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியுமாகப் பிரிந்தோம். பாடத் தெரிந்தவர் எவருமிலர். உரைநடையிலேதான் சண்டை நடந்தது. தாயார் மட்டும் இரு கட்சியிலும் சேரவில்லை. திரையை மூடிய துணியை எடுக்கவேண்டாம், விடியட்டும் என்றார். காலையில் நண்பர் அதை எடுக்கும்வரை நாங்கள் எவரும் அப்பக்கம் போகவில்லை.