அரைத்த கை

மருதாணியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் தமிழறிஞர்கள் நேராகத் தொய்யிலுக்குப் போய்விடுகிறார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவள் என்பதால் அந்த வழி எனக்கும் பழக்கம்தான். கலித்தொகையில் தொய்யில் எழுதுகிறார்கள். ஆகவே மருதாணி ஈராயிரம் ஆண்டுத் தமிழ்க் கலை. கட்டுரை முடிந்தது. ஆனால் தொய்யில் குழம்பால் வரைவது, கழுவினால் போய்விடும். மருதாணியோ தோலில் ஏறும் சாயம். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. தலைவன் எழுதும் தொய்யிலில் பெண்ணுடல் வெறும் ஏடு. மருதாணியில், நம் வீடுகளைப் பொறுத்தவரை, பறிப்பதும் அரைப்பதும் இடுவதும் பெண்கள். இரண்டையும் ஒன்றாக்கும் வாசிப்பு, பெண்களின் வேலையை ஆணின் எழுத்துக்குள் கரைத்துவிடுகிறது.

நான் வளர்ந்தது கோவளத்தில். தமீம் அன்சாரி தர்கா ஒரு பக்கம், கார்மேல் மாதா கோயில் ஒரு பக்கம், கடலோரம் மீனவர் குப்பம். நிக்காஹ்வுக்கும் ஆடி மாதத்துக்கும் தெருவில் அரைபட்டது ஒரே மரத்து இலைதான். அரைப்பவர் என் பெரியம்மா. இலையோடு கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் மைய அரைப்பார். உள்ளங்கையில் ஒரு வட்டம், சுற்றிலும் புள்ளி, விரல் நுனிக்குத் தொப்பி. அவ்வளவுதான் வடிவம்.

பெரியம்மா கைம்பெண். இட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் ஊருக்கே அரைத்த கை மறுநாள் எல்லாரையும்விடச் சிவந்திருக்கும். ஒருமுறை உறவுக்காரர் ஒருவர், "தாலி அறுத்தவ கையில இன்னா செவப்பு?" என்றார். பெரியம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்மியப் போய்க் கேளு" என்றார்.

விலக்கப்பட்ட நிறம் உழைப்பின் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. மருதாணி குறித்த நம் கதையாடல்கள் எதிலும் இந்தக் கை இல்லை.

'நல்லா செவந்தா புருஷனுக்குப் பாசம் ஜாஸ்தி' என்கிறார்கள். இலையிலுள்ள லாசோன் என்ற சாயப்பொருள் தோலின் கெரட்டினோடு பிணைகிறது. மேல்தோல் தடித்த இடத்தில் நிறம் அழுத்தமாகப் பிடிக்கும். உள்ளங்கையும் பாதமும் அதிகம் சிவப்பது அதனால்தான். அப்படியானால் காய்ப்பேறிய கையில் சிவப்பு சொல்வது புருஷன் பாசத்தை அல்ல, அந்தக் கை பார்த்த வேலையை. மீன் அரிகிற கையில் உப்பும் செதிலும் அதைச் சீக்கிரமே தேய்த்தும்விடும். ஓர் இரவு கையை மடக்காமல் வைத்திருக்கவே அந்தப் பெண்ணுக்கு ஓய்வு வேண்டும். அழகியல் பேசுகிறவர்கள் இந்த ஓய்வின் அரசியலைத் தொடுவதில்லை.

இன்று கோன் வந்துவிட்டது. 1994, 1995இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்', 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' போன்ற இந்திப் படங்கள் வட இந்தியக் கல்யாணத்தைக் கனவாக்கி விற்றதில் அதற்கும் பங்குண்டு. கொடியும் மயிலும் முழங்கைவரை ஏறுகின்றன. வட்டமும் புள்ளியும் 'பட்டிக்காடு' ஆகிவிட்டன. நுணுக்கம்தான் கலை என்ற அளவுகோலை யார் கொடுத்தது? கடற்கரைகளில் சட்டென்று பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பாராஃபெனிலின்டைஅமின் என்ற முடிச்சாயம் கலந்திருக்கும்; கொப்புளமும் தழும்பும் அதனால் வருபவை. அசல் இலைக்குப் பொறுமை வேண்டும். முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, ஓரிரு நாளில்தான் கருஞ்சிவப்பாகும்.

ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2024இல் 16 அரபு நாடுகளின் மருதாணி வழக்கங்களை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான். உடனே நம்மவர்கள் 'எங்களுடையதும் தொன்மையானது' என்று தொய்யிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். எனக்கு அந்தப் போட்டியில் ஆர்வமில்லை. மரபு என்று பட்டயம் வாங்கினால், கைம்பெண்ணுக்கு விலக்கு என்பதும் அந்த மரபில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் போகிறோமா?

மருதாணி பத்துப் பதினைந்து நாளில் மறைகிற கலை. கையெழுத்தில்லை, ஏடில்லை. அதனாலேயே விமர்சனத்துக்குள் வராமல் போயிற்று. சிவந்த கைகள் நம் கவிதைகளில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இனி எழுதும்போது அரைத்தது யார் என்றும் கேளுங்கள்.