டீசல் காருக்கு எந்த ஆயில்? ஆண்டிமடம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தது

வரதராஜன்பேட்டை, ஆண்டிமடம் பக்கம் எந்தப் பட்டறையில் கேட்டாலும் டீசல் வண்டிக்கு ஒரே பதில்தான்: “பதினஞ்சு நாப்பது.” வண்டி டிராக்டரா, டாடா ஏஸா, ஸ்விஃப்ட் டிசையரா, போன வருஷம் எடுத்த பொலேரோவா என்பதெல்லாம் அப்புறம். சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் நிறைந்த அரியலூர் மாவட்டத்தில் இது இயல்பு. இங்குள்ள மெக்கானிக்குகள் பெரும்பாலும் லாரியில் தொழில் பழகியவர்கள். லாரிக்கு 15டபிள்யூ-40 நல்ல ஆயில். காருக்கும் அதுதானா என்பதுதான் கேள்வி.

இதற்காக நான் எடுத்துக்கொண்டவை இரண்டு வண்டிகள். ஒன்று பிஎஸ்4 காலத்து டிசையர். அதில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. மாருதி, டாடா, ஃபியட் என்று ஆளாளுக்கு வாங்கிப் பொருத்தியதால் ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்று ஆட்டோ பத்திரிகைகள் கிண்டலும் பாசமுமாகப் பெயர் வைத்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைத் தரம் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது, இந்த இன்ஜினும் அதோடு போனது. ஆனால் நம்ம ஊர் தெருக்களில் இன்னும் பத்து வருஷம் ஓடும். இன்னொன்று உறவினர் வைத்திருக்கும் பிஎஸ்6 பொலேரோ: மூன்று சிலிண்டர், 1493 சிசி.

முதலில் கேன் மேலுள்ள எண். 15டபிள்யூ-40 என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ள எண் ஆயில் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. 100 டிகிரியில் முப்பதாம் நம்பர் ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, நாற்பதாம் நம்பர் 12.5 முதல் 16.3 வரை. 5டபிள்யூ-40க்கும் 15டபிள்யூ-40க்கும் சூடான பிறகு வித்தியாசம் கிடையாது, இரண்டும் நாற்பதுதான். வித்தியாசம் காலையில் சாவியைத் திருப்பும் நேரத்தில்தான்.

“நம்ம ஊரு வெயிலுக்கு முப்பது தாங்காதுண்ணே, தண்ணியா ஓடிரும்” என்றார் ஒரு மெக்கானிக் தம்பி. இதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி அடித்தாலும், மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலும், ஓடும் இன்ஜினுக்குள் கூலன்ட் சூடு ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்கும்படி தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. ஆயிலின் சூடும் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். வெயில் ஆயிலைக் கரைத்துவிடாது. கனமான பாரமும் நீண்ட மேடும்தான் ஆயிலை அதற்கு மேல் சூடாக்குபவை. ஆண்டிமடம் ரோட்டில் மேடு ஏது?

டிசையரில் ஒரு சர்வீஸ் முழுக்க 15டபிள்யூ-40 மினரல் ஆயிலும், அடுத்ததில் 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெட்டிக்கும் ஊற்றி ஓட்டினேன். இந்த இன்ஜினுக்கு ஃபியட் ஐரோப்பாவில் சொன்னதும் 5டபிள்யூ-40 சிந்தெட்டிக்தான். சொல்லிக்கொள்ளும்படி தெரிந்த வித்தியாசம் ஸ்டார்ட்டிங்கில். மினரல் ஆயிலில் விடியற்காலை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி ஒரு கடகடப்பு கேட்கும், பிறகு அடங்கும். சிந்தெட்டிக்கில் அது கேட்பதற்குள் போய்விடுகிறது. இது காதுக்கு இனிமை என்பதோடு நிற்கும் விஷயம் இல்லை. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அழுத்தம் வரத் தாமதமானால் அந்த நேரம் செயின் தளர்வாக ஆடுகிறது. தினம் தினம் அப்படி ஆடினால் தேய்மானம்தான். டர்போவின் பேரிங்குக்கும் இதே கதை.

மைலேஜ்? கூடியது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. பிக்கப்பும் அப்படித்தான். “சிந்தெட்டிக் போட்டதும் வண்டி பறக்குது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் புது ஏர் ஃபில்டரின் புண்ணியத்தை ஆயிலின் கணக்கில் எழுதுகிறார்கள். விலை மட்டும் லிட்டருக்கு இரண்டு மடங்கைத் தொடுகிறது. போகிற போக்கில் ஒன்று: சிந்தெட்டிக் என்ற பெயரிலேயே ஒரு பெரிய சண்டை நடந்தது. கச்சா எண்ணெயை நன்றாகச் சுத்திகரித்து எடுத்ததையும் சிந்தெட்டிக் என்று கேஸ்ட்ரால் விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் முறையிட, விற்கலாம் என்று 1999இல் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் கேனில் அந்த ஒரு சொல்லைப் பார்த்து மட்டும் காசை நீட்ட வேண்டாம்.

ஆயில் மாற்றி ஒரு வாரத்தில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு “கறுத்துப்போச்சே, டூப்ளிகேட்டோ?” என்று பதறுவது இன்னொரு வழக்கம். டீசலில் ஆயில் கறுக்கத்தான் வேண்டும். கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்க விடுவது அதன் வேலை. நிறத்தைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டுச் சில மணி நேரம் காய விடுங்கள். கறுப்பு நடுவிலிருந்து ஓரம் வரை சீராகப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. நடுவில் கட்டியாக மை போல நின்று, சுற்றி வெளிறிய வளையம் மட்டும் ஓடியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டிசையரின் இரண்டு ஆயில்களையும் சர்வீஸ் முடியும் தறுவாயில் இப்படிப் பார்த்தேன். மினரலின் நடுப்பொட்டு கெட்டித்திருந்தது, சிந்தெட்டிக் இன்னும் பரவிக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்த பதில்களில் இதைத்தான் அதிகம் நம்புகிறேன்.

இனி பொலேரோ. இங்கேதான் பட்டறைப் பழக்கம் உண்மையிலேயே பணத்தைக் கரைக்கும்.

பிஎஸ்6 டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேரும் கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அப்போது கூடுதலாக டீசல் தெளித்து, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றுகிறது. கரி எரியும். ஆனால் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்தபின் விறகடுப்பில் மிஞ்சுவது போலச் சாம்பல் மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலை எந்தச் சூடும் எரிக்காது. அது வடிகட்டியிலேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது.

அப்படியானால் அந்தச் சேர்மானங்களை ஏன் கலந்தார்கள்? டீசலில் கந்தகம் இருந்ததால். கந்தகம் எரிந்து அமிலமாகும், அதை முறிக்க ஆயிலில் காரம் வேண்டும். பிஎஸ்3 டீசலில் கந்தகம் 350 பிபிஎம் வரை இருக்கலாம். பிஎஸ்4இல் 50. பிஎஸ்6இல் வெறும் 10. முறிக்க வேண்டிய அமிலமே குறைந்தபின் அவ்வளவு காரமும் அவ்வளவு சாம்பலும் தேவையில்லை. நம்ம மெக்கானிக்குகளின் ஆயில் அறிவு பிழையானதல்ல. அது 350 பிபிஎம் காலத்து அறிவு.

ஆகவே பிஎஸ்6 கார் வைத்திருப்பவர்கள் கேனின் முன்பக்கப் பெரிய எண்ணைவிடப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். சிஐ-4, சிஐ-4 ப்ளஸ் என்று இருந்தால் அது 2000களின் தொடக்கத்தில் வந்த தரம், சாம்பலுக்கு உச்சவரம்பு வைக்காதது. டிபிஎஃப் வண்டிக்கு ஆகாது. 2016 இறுதியில் வந்த சிகே-4இல் சாம்பல் 1 சதவீதத்துக்குள். ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி2, சி3 என்றிருந்தால் 0.8 சதவீதத்துக்குள். கார் டீசலுக்குப் பெரும்பாலும் கையேடு கேட்பது இந்த ‘சி’ வரிசையைத்தான். சி2ஐக் கேட்கும் இன்ஜினில் சி3ஐ ஊற்றலாமா என்றெல்லாம் நாமே முடிவெடுக்க வேண்டாம். கையேட்டில் இருப்பதை அப்படியே வாங்குவது நல்லது. உறவினர் பொலேரோவுக்குக் கையேட்டின்படி சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றச் சொன்னேன். ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. தெரியவும் கூடாது. லாபம் பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, டிபிஎஃப் மாற்றாமல் தப்பிப்பதில்தான்.

வரதராஜன்பேட்டையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டி பெரும்பாலும் ஆண்டிமடம் போய்த் திரும்பும், முந்திரிக் கொல்லைக்குப் போய்வரும், எப்போதாவது ஜெயங்கொண்டம். இன்ஜின் முழுச்சூடு ஏறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. கரி எரிப்பு ஆரம்பித்து, பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதில் கூடுவதைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். உச்சக்கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். வண்டியை நிறுத்தும்போது ஃபேன் வேகமாகச் சுற்றி, ஐடிலிங் கூடி, ஒரு சூட்டு வாடை வந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சதூரம் ஓட்டி முடியவிடுங்கள். விருத்தாசலம் வழியாக உளுந்தூர்பேட்டை போய், நாலுவழிச் சாலையில் சீரான வேகத்தில் அவ்வப்போது ஒருமுறை போய்வருவது டிபிஎஃபுக்கு மருந்து.

ஏர் ஃபில்டரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்மண் புழுதியில் கலந்த மணல் துகள் உள்ளே போனால் எந்த ஆயிலும் இன்ஜினைக் காப்பாற்றாது. சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவர்கள் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றிவிடலாம். கம்ப்ரஸர் காற்றால் வெளியிலிருந்து உள்ளே ஊதித் ‘துப்புரவு’ செய்வதை மட்டும் நிறுத்துங்கள். அது தூசியைத் தாளுக்குள் தள்ளுகிறது.

கேஸ்ட்ரால், ஷெல், செர்வோ, மேக் என்று பிராண்டுகளுக்குள் எது உசத்தி என்று கேட்பவர்களுக்கு: தரக்குறியீடு ஒன்றாக இருந்தால், போலியில்லாமல் கிடைப்பது எதுவோ அது. ‘சி3’ கேன் சிறு ஊர்க் கடைகளில் கையிருப்பில் இருப்பது அரிது. முன்கூட்டிச் சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். சீல், பேட்ச் எண், தேதி பார்த்து பில்லோடு வாங்கி, உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள். காலிக் கேனை அங்கேயே குத்தி ஓட்டை போட்டுவிட்டு வருவது நல்ல வழக்கம். முழுதாக விட்டால் அது வேறு ஆயிலோடு திரும்பி வரும்.

என் தேர்வு இது. டிபிஎஃப் இல்லாத பழைய டீசலுக்குப் பணம் இருந்தால் 5டபிள்யூ-40 சிந்தெட்டிக். இல்லையென்றால் நல்ல 15டபிள்யூ-40ஐ ஊற்றி, ஏழாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். விலை உயர்ந்ததை ஊற்றிப் பதினைந்தாயிரம் வரை இழுப்பதைவிட அது மேல். பிஎஸ்6க்கு மட்டும் இந்தச் சமரசம் கிடையாது. நடுவழியில் ஆயில் குறைந்து, கிடைப்பது லாரி ஆயில் மட்டும்தான் என்றால் அரை லிட்டர் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். அதனால் டிபிஎஃப் ஒரே நாளில் அடைத்துவிடாது. அடுத்த ஆயில் சேஞ்சை மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.